நாகேஸ்வரி என்ன நிறம்?

"இது பச்சை இல்ல மகள். பச்சைக்கு மச்சினி."

ஸுலைஹா நூற்கட்டையைத் துணியின் மேல் வைத்து, இடது கண்ணை மூடி, தலையைக் கோழியைப் போலச் சரித்துப் பார்க்கிறார். பிறகு அதைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு வேறொன்றை எடுக்கிறார். கடைக்கு முன்னால் நிற்கும் பெண்ணுக்குப் பொறுமை போய்விட்டது. உள்ளே மடித்துத் தைக்கிற நூல்தானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்கிறாள். ஸுலைஹா நிமிரவே இல்லை.

"நான் பார்ப்பன்," என்கிறார்.

கல்முனைக் கடைத்தெருவில், செருப்புக் கடைக்கும் கைப்பேசி திருத்தும் கடைக்கும் நடுவே நசுங்கிக் கிடக்கிறது அவருடைய கடை. நூல், பொத்தான், லேஸ், ஊசி எல்லாம் உண்டு. விலையைக் கேட்டால் சட்டென்று சொல்வார். நிறத்தின் பெயரைக் கேட்டால்தான் வில்லங்கம். கட்டையின் அடியில் கம்பனிக்காரன் ஒட்டிவிட்ட பெயரை அவர் மதிப்பதில்லை. அவரிடம் வேறு பெயர்கள் இருக்கின்றன. நாவற்பழம் தின்ற நாக்கு. அறுத்து மழை கண்ட வயல். ஆறின பால்தேத்தண்ணி. புதுமாப்பிள்ளையின் சாரன். வாடிக்கையாக வரும் தையற்காரிகளுக்கும் இந்தப் பெயர்கள் தொற்றிவிட்டன. "ராத்தா, ஆறின தேத்தண்ணியில ரெண்டு கட்டை தாங்க" என்று யாராவது கேட்டால், புதிதாக வந்தவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஆள் குள்ளம். ஐம்பதைத் தாண்டி நடந்துகொண்டிருக்கும் வயது. மூக்குக்கண்ணாடி இரண்டு, ஒன்று நெற்றியில் இருக்கும், மற்றது கழுத்தில் தொங்கும், தேடுவது மட்டும் மேசைக்கு அடியில். வலது கை நகங்களின் ஓரத்தில் எப்போதும் ஏதோ ஒரு நிறம் காய்ந்து கிடக்கும். நூல் விற்பவரின் விரலில் அப்படி ஒட்டுவதற்கு ஒன்றும் இல்லை. அது கப்பலில் இருந்து வந்த நிறம்.

கப்பல்கள் கடையின் பின்பக்கம், திரைச்சீலைக்கு அப்பால் இருக்கின்றன. அவற்றைச் செய்பவர் கணவர் சாலிஹ். கல்முனைக்கும் கொழும்புக்கும் இடையே வாழ்நாளெல்லாம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கொரோனாக் காலத்து ஊரடங்கில் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்தபோது, உடைந்த கட்டில் பலகையை இழைத்து முழங்கை நீளத்தில் ஒரு பாய்க்கப்பல் செய்தார். மனைவிக்குத் தெரியாமல் அதற்குத் தங்க நிறமும் அடித்து, பெருநாளுக்குப் பிறை கண்டவரைப் போல முகத்தை வைத்துக்கொண்டு தூக்கி வந்து காட்டினார்.

ஸுலைஹா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "மாஷா அல்லாஹ், கப்பல் வடிவாத்தான் இரிக்கி. ஆனா இது கடலுக்குப் போனதா, கலியாண வீட்டுக்குப் போனதா?"

அன்றைக்கே வீட்டுக்குள் ஓர் ஒப்பந்தம் ஆகிவிட்டது. மரம் சாலிஹுடையது. நிறம் ஸுலைஹாவுடையது. ஒருவர் எல்லைக்குள் மற்றவர் வாய் வைக்கக் கூடாது. சாலிஹ் இதைப் பெரும்பாலும் காப்பாற்றுகிறார். ஸுலைஹா காப்பாற்றுவதே இல்லை.

ஒரு கப்பலுக்கு நிறம் தேடத் தொடங்கினால் அவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். கைப்பேசியில் எந்த நாட்டு நூதனசாலைக் கப்பலின் படமானாலும் விரலால் பெரிதாக்கி அடிப்பலகையைத்தான் பார்ப்பார். மகள் றஸ்னா கட்டாரில் வேலை செய்கிறாள். வெள்ளிக்கிழமைகளில் தோஹாக் கடற்கரைக்குப் போய், கட்டி நிற்கும் மரக்கலங்களைப் படம் எடுத்து அனுப்புவது அவளுக்கு உம்மா விதித்த கடமை. "பாயை எடுக்காத மகள், வயித்தை எடு," என்று இங்கிருந்து குரல்பதிவு போகும். அப்படித்தான், பழைய அரபுக் கலங்களுக்குத் தண்ணீருக்கு மேலே எண்ணெய் ஊறிய மரத்தின் கபில நிறம் என்றும், தண்ணீருக்குள் இருக்கும் பாகத்துக்குச் சுண்ணாம்பும் கொழுப்பும் குழைத்துத் தடவிய வெள்ளை என்றும் அவருக்குத் தெரிய வந்தது. ஒல்லாந்தரின் கப்பல்களுக்குத் தார் குடித்த பழுப்பு என்றும் தெரிந்துகொண்டார்.

நிறத்தைத் தெரிந்துகொண்டாலும் உடனே பெயின்ற் ரின்னைத் திறக்க மாட்டார். முதலில் கடை நூலில் அதைத் தேடிப் பிடிப்பார். பிடித்த நூலைப் பலகையில் சுற்றிக் கட்டி, தேத்தண்ணி குடிக்கும்போதும் கறிக்கு வெங்காயம் வெட்டும்போதும் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். மனம் ஒப்பினால்தான் அந்த நூலுக்கு ஏற்ப பெயின்ற் கலப்பார். கடைசியில் ஒரு சொட்டுச் சாம்பல் நிறம் சேர்ப்பார். தூரத்தில் போகிற கப்பல் பக்கத்தில் நிற்கிற கப்பலைவிட வெளிறித் தெரியும் அல்லவா? முழங்கை நீளக் கப்பலுக்கு முழுக் கப்பலின் நிறத்தை அப்படியே அடித்தால் அது விளையாட்டுச் சாமான் ஆகிவிடும் என்பது அவருடைய கட்சி. "உருவம் சின்னனாகினா நிறமும் சின்னனாகோணும்," என்பார்.

பொத்துவில் பக்கத்து ஹோட்டல்காரர் ஒருவர் வரவேற்பு மேசையில் வைக்க ஒல்லாந்தர் கப்பல் கேட்டார். அடிப்பாகம் சிவப்பாக, மேலே வார்னிஷ் பளபளக்க வேண்டும் என்றார். ஸுலைஹா கையில் இருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "தம்பி, அவனுகள் அங்க இருந்து வெயிலையும் உப்பையும் தின்டு தின்டு இஞ்ச வந்து சேரக்குள்ள பளபளப்பு எங்க மிஞ்சும்?" ஹோட்டல்காரர் தலையாட்டிவிட்டு வெளியே போனார். பின்வாசலால் வந்து, சாலிஹ் ஒளித்து வைத்திருந்த தங்க நிறக் கப்பலை வாங்கிக்கொண்டு போனார் என்று கேள்வி.

இப்படி நிறத்தில் யாருக்கும் விட்டுக்கொடுக்காத ஸுலைஹாவைத்தான் சென்ற வருடம் நாகேஸ்வரி ஆட்டிப் படைத்தாள்.

நாகேஸ்வரி ஒரு பாய்த்தோணி. பாண்டிருப்புக் கரையில் இருந்து நெல்லும் தேங்காயும் ஏற்றிக்கொண்டு திருகோணமலைக்குப் போய் வந்தது. அதன் சொந்தக்காரரின் மகன் தங்கரத்தினம் ஒரு நாள் கடைக்கு வந்தார். எழுபதைத் தாண்டிய வயது, சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சேட்டு. பையில் இருந்து ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை எடுத்து, கண்ணாடிப் பெட்டியின் மேல் வைத்தார். மணலில் ஏற்றி நிறுத்திய தோணி. பக்கத்தில் குனிந்து ஏதோ செய்துகொண்டிருக்கும் ஒருவரின் முதுகு.

"அது எங்கட அப்பா," என்றார். "சுனாமியில வீட்டோட எல்லாம் போயிற்று தங்கச்சி. இது திருக்கோயில்ல அக்காட வீட்டுல கிடந்தபடியாத் தப்பினது. அப்பாட முகம் ஒரு படத்துலயும் இல்ல. புது வீட்டு ஹோல்ல வைக்க அவர்ர தோணியாவது வேணும். அச்சொட்டா அதே மாதிரி."

"நிறம் ஞாபகம் இரிக்கா அண்ணே?"

"நீலம்," என்றார் தங்கரத்தினம், கேள்வி முடிவதற்குள். "கண்ணை மூடினா நீலம்தான் வருகுது."

அப்பா இறந்து தோணியை விற்றபோது அவர் பாலர் வகுப்புப் பையன். அக்காவிடம் ஒரு சொல் கேட்டுப் பார்த்தால் என்ன என்றார் ஸுலைஹா. தங்கரத்தினம் சிரித்துவிட்டார். "அவ பொம்புளப் புள்ள. தோணியில ஏறினதே இல்ல. அவக்கு என்ன தெரியும்?"

சாலிஹ் மரத்தில் இறங்கினார். ஸுலைஹா படத்தில் இறங்கினார். படத்தில் தோணியின் வெளிப்பக்கம் கன்னங்கரேல் என்று இருந்தது. அந்தக் காலத்து ஃபிலிம் சிலவற்றுக்குச் சிவப்பு நிறமே தெரியாது, அது கறுப்பாக விழும், நீலமோ வெளிறிப் போகும் என்று அவர் எங்கோ படித்திருந்தார். அப்படியானால் இந்தக் கறுப்பு நீலமாக இருக்கவே முடியாது. இது சிவப்பு. காவிக்கல் உரைத்த சிவப்பு. ஸுலைஹாவுக்குத் தலைகால் புரியாத மகிழ்ச்சி. கணவரைக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டி, ஃபிலிமைப் பற்றி ஒரு பிரசங்கமே செய்தார். காவி நிற நூல் பலகையில் ஏறியது. பெயின்றும் ஏறியது. தங்கரத்தினத்துக்கு ஒரு சொல் சொல்லாமலே.

தோணியை எடுக்க வந்தவர் அதைத் தொடவே இல்லை.

"இது யார்ர தோணி?"

ஸுலைஹா ஃபிலிம் கதையைச் சொன்னார். ஆர்வத்தோடு, கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். தங்கரத்தினம் கேட்டுக்கொண்டுதான் நின்றார். ஆனால் அவருடைய முகம் மெல்ல மெல்ல மூடிக்கொண்டு வந்தது.

"தங்கச்சி, எனக்கு எங்கட அப்பாவைப் பத்தி இருக்கிறது ஒரே ஒரு ஞாபகம். அது நீலம். அதையும் இல்லையெண்டு சொல்றீங்க." படத்தைக்கூட எடுக்காமல் இறங்கிப் போய்விட்டார்.

அன்று மாலை முழுக்க ஸுலைஹா நூற்கட்டைகளை அடுக்கினார், கலைத்தார், திரும்ப அடுக்கினார். அசர் தொழுதுவிட்டு வந்த சாலிஹ் முக்காலியை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீலத்தை அடிச்சுக் குடுத்திட்டா என்ன? மனிசன் சந்தோசமாக் கொண்டு போவார்."

"அது பொய்யாப் போகுமே."

"நீங்க அடிச்ச சிவப்பு உண்மையா?"

அந்தக் கேள்வி ஸுலைஹாவுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. படத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தார். ஃபிலிம் சிவப்பைக் கறுப்பாக்கும், சரி. ஆனால் கறுப்பும் கறுப்பாகத்தானே விழும்? அந்தச் சின்ன விசயத்தை, சிவப்பைக் கண்டுபிடித்த சந்தோசத்தில் அவர் யோசிக்கவே இல்லை.

"நாளைக்குக் கடை பூட்டு," என்றார். "திருக்கோயிலுக்குப் போறம்."

பஸ்ஸில் சாலிஹ் சாரதிக்குப் பின்னால் இருந்துகொண்டு, ஒவ்வொரு கியர் மாற்றத்துக்கும் உச்சுக்கொட்டினார். நிந்தவூர் தாண்டி வயல்வெளி விரிந்தபோது ஸுலைஹா ஜன்னலோரம் இருந்தார். வழக்கமாக அந்த இடத்தில் வயலுக்குப் புதுப் பெயர் ஒன்று வைப்பார். அன்றைக்கு வைக்கவில்லை.

தங்கரத்தினத்தின் அக்கா வல்லியம்மை, வாசலில் சுளகில் உளுந்து கொழித்துக்கொண்டிருந்தார். எண்பதைத் தாண்டியும் நிமிர்ந்த முதுகு. வந்த காரணத்தைக் கேட்டதும் கொழிப்பதை நிறுத்தினார்.

"நாகேஸ்வரியா? என்னட்டையா கேக்க வந்தீங்க?"

"ஓம் அக்கா. அது சிவப்பா, நீலமா?"

"ரெண்டும் இல்ல மகள்." வல்லியம்மை தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினார். "சுறா எண்ணெய். அப்பா மாசக்கணக்காப் பூசிப் பூசி, பலகை கருகின கருப்பட்டி மாதிரி இருக்கும். எண்ணெய்ச் சட்டியைக் கரைக்குத் தூக்கிக்கொண்டு போறது நான். கீழ்ப்பலகையெல்லாம் நானும் சேர்ந்து தேய்ப்பன். கையெல்லாம் அதே நிறம், அதே நாத்தம். பள்ளிக்கூடத்துல பக்கத்துல ஒருத்தியும் இருக்க மாட்டாளுகள். தண்ணிக்குள்ள போற பாகத்துக்குச் சுண்ணாம்பு. அதுவும் என்ட கைதான்."

ஸுலைஹா படத்தை நீட்டினார். கறுத்த பலகைக்குக் கீழே, மணலோடு மணலாக வெளிறித் தெரிந்த பட்டையை வெயிலின் மினுக்கம் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தார். அது சுண்ணாம்பு. அரபுக் கலத்துக்கு அந்த வெள்ளையைத் தேடித் தேடிப் பூசியவருக்கு, பாண்டிருப்புத் தோணியில் அது கண்ணில் படவில்லை.

"அல்லாஹ்வே," என்று தலையில் கை வைத்துக்கொண்டு ஸுலைஹா சிரித்தார். பக்கத்தில் சாலிஹும் சிரித்தார், ஆனால் அடித்த பெயின்றை எல்லாம் சுரண்டப் போவது யார் என்று தெரிந்த சிரிப்பு அது.

"அப்ப நீலம் எங்கால வந்தது அக்கா? தம்பி சத்தியம் பண்றாரே."

வல்லியம்மை சுளகைப் பார்த்தார். "உள்ளுக்கு என்ன நிறம் எண்டு எனக்குத் தெரியாது மகள். பொம்புளப் புள்ள தோணியில கால் வைக்கப்படா எண்டு என்னை ஏத்தல்ல. தம்பியைத்தான் தூக்கி உள்ளுக்கு விடுவார். நான் கரையில நிண்டு பார்ப்பன்."

ஸுலைஹா கைப்பையைக் கவிழ்த்துக் கைப்பேசியைத் தேடி, தங்கரத்தினத்தின் இலக்கத்தை அழுத்தினார்.

"அண்ணே, கோவத்தைப் பிறகு பார்ப்பம். நீங்க தோணியில எங்க இருப்பீங்க?"

"எங்க இருக்கிற? உள்ளுக்குத்தான். நெல்லு மூட்டைக்கு மேல, பக்கப் பலகையில சாய்ஞ்சு படுத்திருப்பன்."

"அந்தப் பலகை?"

"சுண்ணாம்புக்குள்ள உடுப்புக்குப் போடுற நீலத்தைக் கரைச்சு அப்பா அடிச்சிருப்பார். என்ட சேட்டு முதுகெல்லாம் நீலமாயிரும். அம்மா ஏசுவா..." சொல்லிக்கொண்டு வந்தவர் நின்றார்.

"வெளிப்பக்கத்தை எப்ப அண்ணே பார்த்தீங்க?"

ஸுலைஹா கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"கரையில என்னைத் தூக்குவார்," என்றார் தங்கரத்தினம் மெதுவாக. "அப்பாட தோள்தான் தெரியும். பிறகு உள்ளுக்கு."

"நானும் பிழை, நீங்களும் பிழை," என்றார் ஸுலைஹா. அவருடைய குரலில் வெட்கத்தைவிடக் குதூகலம்தான் கூட இருந்தது. "வெளிப்பக்கம் முழுக்க உங்கட அக்காட கையில இரிக்கி. இந்தாங்க, கதைங்க." கைப்பேசியை வல்லியம்மையிடம் கொடுத்துவிட்டு, சாலிஹை இழுத்துக்கொண்டு கிணற்றடிப் பக்கம் போய் நின்றார். அக்காவும் தம்பியும் என்ன கதைத்தார்கள் என்று அவருக்குத் தெரியாது. வல்லியம்மையின் சிரிப்பு மட்டும் இரண்டு தரம் கேட்டது.

பிறகு நடந்தது வேலை. சாலிஹ் மண்கடதாசியால் காவியைத் தேய்த்துத் தேய்த்து எடுத்தார். "பஸ் ஓட்டினது இதைவிட லேசு," என்று சுவருக்குக் கேட்கச் சொன்னார். ஸுலைஹா கடலோரத்து மீன்வாடிகளில் அலைந்து, எண்ணெய் பழகிக் கறுத்த பழைய பலகைத் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கினார். அதற்கு நூல் பிடிக்க முடியவில்லை. கருப்பட்டி என்றால் சிவப்புக் கூடியது, கரி என்றால் உயிர் போனது. கடைசியில் இரண்டு நூல்களைச் சேர்த்து முறுக்கி அந்த நிறத்தைப் பிடித்தார். அதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை என்கிறார். உட்பக்கத்துக்குப் பெயின்ற் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, உண்மையான சுண்ணாம்பில் உடுப்பு நீலத்தைக் கரைத்து, காது குடையும் பஞ்சால் ஒவ்வொரு பலகையாகத் தொட்டுத் தொட்டு எடுத்தார்.

தை பிறந்த கையோடு அக்காவும் தம்பியும் ஓட்டோவில் ஒன்றாக வந்து இறங்கினார்கள். வல்லியம்மைக்குப் படியேற முடியாததால், சாலிஹ் தோணியை ஓட்டோவுக்குப் பக்கத்தில் முக்காலியில் கொண்டுவந்து வைத்தார். தெருவில் போன இரண்டு மூன்று பேரும் நின்றார்கள்.

தங்கரத்தினம் வெளிப்பக்கத்தைப் பார்த்தார். அவருக்கு அது யாரோ ஒருவரின் தோணி போலத்தான் இருந்திருக்க வேண்டும். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வல்லியம்மை ஓட்டோவுக்குள் இருந்தபடியே கையை நீட்டி, அணியத்தில் இருந்து பின்பக்கம் வரை பெருவிரலால் தேய்த்துக்கொண்டு போனார். பிறகு விரலை மூக்கடியில் பிடித்தார்.

"எல்லாம் சரி. நாத்தம் மட்டும் இல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குள் தங்கரத்தினம் குனிந்து, பாய்மரத்துக்குப் பக்கத்தால் உள்ளே எட்டிப் பார்த்தார். நிமிர வெகுநேரம் ஆனது. நிமிர்ந்தபோது கண்ணைத் துடைக்காமலே, "அக்கா, இஞ்ச பாருங்க," என்று தோணியை அவர் பக்கம் சரித்துக் காட்டினார்.

வல்லியம்மை கண்களைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். அவருடைய வாய் கொஞ்சம் திறந்தபடி நின்றது.

"அடே தம்பி," என்றார். "இவ்வளவு நீலத்தையும் உள்ளுக்கு வெச்சுக்கொண்டா போனீங்க?"

ஓட்டோக்காரர் ஹோனை லேசாக அடித்தார். பின்னால் லொறி ஒன்று வழி கேட்டு நின்றது. சாலிஹ் சுற்றிக் கட்டுவதற்குக் கடதாசியும் கயிறும் கொண்டு வந்தார். ஸுலைஹா வேண்டாம் என்று கையால் காட்டிவிட்டு, நாகேஸ்வரியை இரண்டு கைகளாலும் தூக்கினார். தங்கரத்தினம் தன் கைகளை ஏந்தினார். ஸுலைஹா அவரைத் தாண்டிப் போய், ஓட்டோவுக்குள் குனிந்து, தோணியை வல்லியம்மையின் மடியில் வைத்தார்.